ஸ்டில் 038 மேக்னம்: பிஸ்டனில் கீறல். கிட் மாற்றினால் மட்டும் போதுமா?

சில்வர்_ஓக் கேட்டது:

ஸ்டில் 038 மேக்னம் செயின்சா (மரம் அறுக்கும் மெஷின், 72.2 சிசி) ஒன்று வந்திருக்கிறது. பல வருடம் ஷெட்டில் கிடந்த மெஷின். கயிறு இழுத்தால் இலகுவாகச் சுற்றுகிறது, பிடிமானம் இல்லை. கேஜ் வைத்துப் பார்த்ததில் கம்ப்ரஷன் 85 பிஎஸ்ஐதான். பிளக்கில் நெருப்பு நன்றாக வருகிறது. சைலன்சரைக் கழற்றிப் பார்த்தேன்: பிஸ்டனில் எக்ஸாஸ்ட் பக்கம் நெடுக்காகக் கீறல், ரிங் ஒரு இடத்தில் பள்ளத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்டேக் பக்கம் பிஸ்டன் புதுசு மாதிரி இருக்கிறது. சிலிண்டர் சுவரில் சாம்பல் நிறத்தில் ஏதோ பூசினாற்போல ஒட்டியிருக்கிறது, நகத்தில் தட்டுப்படுகிறது.

52 மி.மீ. சிலிண்டர், பிஸ்டன் கிட் இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்கி மாட்டினால் வேலை முடிந்துவிடுமா? அல்லது பழைய சிலிண்டரையே காப்பாற்ற முடியுமா? வீட்டுப் பட்டறையில் டார்க் ரெஞ்ச், ஃபீலர் கேஜ், வைஸ், ஹாட் ஏர் கன் இருக்கின்றன. லேத் இல்லை. பெட்ரோல், ஆயில் கலவை பற்றியும் சொல்லுங்கள். இப்போது பங்கில் வருவது இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்)தானே.

---

டூ_ஸ்ட்ரோக்:

கிட்டை இப்போது வாங்காதீர்கள். அந்த பிஸ்டன் ஏன் செத்தது என்று தெரியாமல் புதுசு போட்டால், முதல் டேங்க் முடிவதற்குள் புதுசும் அதே வழியில் போகும்.

கீறல் எந்தப் பக்கம் என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. தூசி உள்ளே போயிருந்தால் இன்டேக் பக்கம் மங்கலாக, மணல் தேய்த்ததுபோல் தேய்ந்திருக்கும். அது ஃபில்டர் கோளாறு. நான்கு மூலையிலும் பட்டை பட்டையாகக் கீறியிருந்தால், சூடேறாத எஞ்சினுக்கு எடுத்தவுடன் முழு ரேஸ் கொடுத்திருக்கிறார்கள், அல்லது சிலிண்டரின் குளிர்ச்சித் துடுப்புகள் மரத்தூள் அடைத்துக் கிடந்திருக்கின்றன. உங்களுடையதுபோல எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் என்றால் காரணங்கள் மூன்றே: கலவையில் ஆயில் இல்லை, கார்புரேட்டர் லீனாக (பெட்ரோல் குறைவு, காற்று அதிகம்) ஓடியது, அல்லது எங்கோ காற்று கசிந்து கலவையை லீன் ஆக்கியது. எக்ஸாஸ்ட் பக்கம்தான் அதிகம் சூடாகும், ஆயில் படலம் அங்கேதான் முதலில் கிழியும்.

முதல் காரணத்தை இனிக் கண்டுபிடிக்க வழியில்லை. மற்ற இரண்டையும் சோதிக்கலாம். கழற்றும் முன்பே பிரஷர் டெஸ்ட் செய்யுங்கள். கழற்றிவிட்டால் கசிந்த இடம் தெரியாமலே போய்விடும்.

செய்முறை: சைலன்சருக்கும் கார்புரேட்டருக்கும் அடியில் சைக்கிள் ட்யூப் துண்டு வைத்து இறுக்கி இரண்டு வாயையும் அடையுங்கள். டிகம்ப்ரஷன் வால்வு இருந்தால் அதையும் அடைக்க வேண்டும். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்துவிட்டு, அந்த இரும்புக் கூட்டில் ஒரு குழாயைப் பற்றவைத்தால் அடாப்டர் தயார். பிஸ்டனைக் கீழே இறக்கி வையுங்கள், அப்போதுதான் டிரான்ஸ்ஃபர் போர்ட் (கிராங்க் கேஸையும் சிலிண்டரையும் இணைக்கும் வழி) திறந்து காற்று கிராங்க் கேஸுக்குள் போகும். 7 பிஎஸ்ஐ ஏற்றி 20 விநாடி பாருங்கள், முள் நகரக் கூடாது. கேஜ் இல்லையென்றால் பழைய பிபி கருவியின் பல்பும் மீட்டரும் போதும். 300 மி.மீ. பாதரசம் என்பது ஏறக்குறைய 5.8 பிஎஸ்ஐ, கசிவு பிடிக்க அது தாராளம். சோப்புத் தண்ணீரை சிலிண்டர் அடி, கேஸ் இணைப்பு, இன்டேக் ரப்பர், இரண்டு பக்க ஆயில் சீல் என்று தடவிக்கொண்டே வாருங்கள். சீல் தெரிய வேண்டுமென்றால் கிளட்சும் ஃபிளைவீலும் கழன்றிருக்க வேண்டும்.

அதோடு நிறுத்தாதீர்கள். வாக்குவம் டெஸ்டும் வேண்டும், 15 அங்குலப் பாதரசம் அளவுக்கு. உள்ளிருந்து அழுத்தம் வந்தால் சீலின் உதடு கிராங்க்மேல் இறுகிக்கொள்ளும், தேய்ந்த சீல்கூட பாஸ் ஆகிவிடும். உறிஞ்சும்போதுதான் உதடு விலகும். ஓடும் எஞ்சினில் காற்று உள்ளே போவதும் அந்த நேரத்தில்தான். பிரேக் ப்ளீட் செய்யும் கைப்பம்பு இதற்குச் சரியாக வரும்.

---

பட்டறை_மணி:

சிலிண்டர் பற்றி. நகத்தில் தட்டுகிறது என்பதற்காக அதைக் குப்பையில் போட வேண்டாம். தட்டுவது பெரும்பாலும் பள்ளம் இல்லை, மேடு. பிஸ்டனின் அலுமினியம் உருகி சுவரில் ஒட்டியிருக்கிறது. அதைக் கரைத்து எடுத்துவிட்டால் கீழே பூச்சு நன்றாகவே இருக்கும். கம்பெனி சிலிண்டரின் பூச்சும் போர்ட் வேலைப்பாடும் மலிவு கிட்டில் வராது.

மியூரியாட்டிக் ஆசிட், அதாவது ஹைட்ரோகுளோரிக், காதுப்பஞ்சுக் குச்சியில் தொட்டு அந்த இடத்தில் மட்டும் தடவுங்கள். நுரை வரும். துடைத்து மறுபடி தடவுங்கள். நுரை நின்றதும் தண்ணீரும் சோடா உப்பும் விட்டுக் கழுவி, உடனே 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் தடவிவிடுங்கள்.

---

கார்ப்_டியூனர்:

மணி அண்ணே, ஆசிட் விஷயத்தில் ஒரு திருத்தம். நிக்கல்-சிலிக்கான் கார்பைட் பூச்சு என்றால் கொஞ்ச நேரம் தாங்கும். குரோம் பூச்சு சிலிண்டர் என்றால் ஹைட்ரோகுளோரிக் அந்தக் குரோமையே தின்றுவிடும். பழைய மெஷின்களில் இரண்டு வகையும் உண்டு, கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். காஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கரைக்கும், குரோமையும் நிக்கலையும் தொடாது. எந்தப் பூச்சு என்று தெரியாதபோது காஸ்டிக்தான் பாதுகாப்பு.

100 மில்லி தண்ணீரில் 10 கிராம் காஸ்டிக். தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போட வேண்டும், காஸ்டிக்மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். வருவது ஹைட்ரஜன், வெளியில் வைத்துச் செய்யுங்கள், பீடி சிகரெட் கிட்டே வரக் கூடாது. போர்ட் ஓரங்களும் சிலிண்டரின் வெளிப்புறமும் வெறும் அலுமினியம், அங்கே பட்டால் அதையும் அரிக்கும். அதனால் ஊறவைக்கக் கூடாது, குச்சியில் தொட்டு வைப்பதோடு சரி.

இதில் இன்னொரு லாபம்: ஒட்டியிருந்த அலுமினியம் போன பிறகும் ஒரே புள்ளியில் விடாமல் குமிழ் வந்தால், அந்த இடத்தில் பூச்சு ஓட்டை, கீழே உள்ள சிலிண்டர் உலோகம் கரைகிறது. அப்படியென்றால் சிலிண்டர் முடிந்தது, கிட் வாங்க வேண்டியதுதான். குமிழ் முழுவதும் நின்றால் பிழைத்தது.

பிறகு 400 நம்பர் வாட்டர் எமரி, ஆயில் தொட்டு, சாய்கோடுகள் ஒன்றையொன்று வெட்டுகிறமாதிரி கையால் லேசாக. கார் சிலிண்டருக்குப் போடும் கல் ஹோனை இதற்குள் விடவே கூடாது. கல் போர்ட் ஓரத்தில் மாட்டிப் பூச்சைப் பெயர்த்துவிடும்.

கிராங்க் கேஸ் மெக்னீசியம் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆசிட் அதன்மேல் சிந்தக் கூடாது. கிரைண்டர் போட்டுச் சுத்தம் செய்யும் ஆசையும் வேண்டாம், மெக்னீசியத் தூள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றியும் அணைக்க முடியாது.

---

பட்டறை_மணி:

குரோம் பற்றிச் சொன்னது சரி. தெரியாத சிலிண்டருக்குக் காஸ்டிக்கே போடட்டும்.

---

சில்வர்_ஓக்:

இரண்டு டெஸ்டும் செய்தேன். பிரஷரில் 300லிருந்து மெதுவாக இறங்குகிறது, சோப்பு நுரை எங்கும் தெளிவாக இல்லை. வாக்குவத்தில் 15 அங்குலம் சில விநாடிகளிலேயே 4க்கு வந்துவிடுகிறது. ஃபிளைவீல் பக்க சீல்மேல் கெட்டியான கிரீஸ் அப்பினால் நன்றாகப் பிடித்து நிற்கிறது. காஸ்டிக் போட்டதில் சிலிண்டர் சுத்தமாகிவிட்டது, குமிழும் நின்றது. ஆக, சீல்தான் குற்றவாளியா? கேஸைப் பிரிக்காமல் மாற்ற முடியுமா? பிஸ்டன் மட்டும் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

---

டூ_ஸ்ட்ரோக்:

சீல்தான். ஒரு பக்கம் போயிருந்தால் மறுபக்கத்துக்கும் அதே வயசு, இரண்டையும் மாற்றுங்கள்.

அதற்கு முன் பேரிங்கைப் பாருங்கள். கிராங்க் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் துளிகூட ஆட்டம் தெரியக் கூடாது. சுற்றும்போது கரகரப்பும் இருக்கக் கூடாது. பேரிங் ஆடினால் புது சீலும் சீக்கிரம் நீள்வட்டமாகத் தேய்ந்துவிடும். ஆட்டம் இருந்தால் கேஸைப் பிரித்தே ஆக வேண்டும்: பழைய பேரிங்கின் பக்கவாட்டில் உள்ள எண்ணைப் பார்த்து அதே எண்ணில் சி3 கிளியரன்ஸ் (உள் இடைவெளி சற்று அதிகமான வகை) கேளுங்கள். கேஸை 120 டிகிரி வரை சூடாக்கி, பேரிங்கை ஃப்ரீசரில் வைத்து எடுத்துப் போட்டால் சுத்தியல் இல்லாமல் இறங்கும்.

பேரிங் நல்லதென்றால் பிரிக்காமலே சீல் மாற்றலாம். சீலின் இரும்பு முகத்தில் சின்ன ஸ்க்ரூ ஒன்றைக் கடித்து, அதைப் பிடித்து இழுங்கள். ஸ்க்ரூ கிராங்கில் உரசிக் கோடு விழுந்தால் புது சீலும் கசியும், கேஸ் பக்கமாகத் தள்ளியே போடுங்கள். கழற்றும் முன் பழைய சீல் எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கிராங்கின் சாவிப் பள்ளத்தின்மேல் மெல்லிய டேப் சுற்றிவிட்டு, உதட்டில் கிரீஸ் தடவி, ஸ்பிரிங் உள்ள பக்கம் எஞ்சினைப் பார்க்கும்படி, சீலின் வெளிவிட்டத்துக்குப் பொருந்தும் குழாய்த் துண்டு வைத்து நேராகத் தட்டுங்கள்.

கிளட்ச் இடது மரை. கழற்ற வலப்பக்கம் திருப்ப வேண்டும். இது தெரியாமல் நீள ஸ்பேனர் போட்டு இறுக்கி உடைத்தவர்கள் ஏராளம். பிஸ்டனை நிறுத்த பிளக் துளைவழியே நைலான் கயிறு விடுங்கள், ஆனால் பிஸ்டன் எக்ஸாஸ்ட் போர்ட்டைத் தாண்டி மேலே வந்த பிறகு. போர்ட்டில் கயிறு நசுங்கினால் ரிங் போகும். ஃபிளைவீல் நட்டு சாதாரண மரை. புல்லர் போடுங்கள், துடுப்பில் சுத்தியல் படக் கூடாது. அதன் சாவி பாதி அறுந்திருந்தால் டைமிங் மாறியிருக்கும், அதையும் பாருங்கள்.

---

பட்டறை_மணி:

பிஸ்டன் வாங்கும் முன் பழையதை அளந்துவிடுங்கள். 038 மூன்று அளவில் வந்திருக்கிறது: சாதா 48 மி.மீ., சூப்பர் 50, மேக்னம் 52. ஸ்ட்ரோக் மூன்றுக்கும் 34தான். மேல் மூடியில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள், இத்தனை வருடத்தில் யாராவது மாற்றியிருக்கலாம். மேக்னத்தின் வாரிசு எம்எஸ் 380, 381. அதனால் 52க்கு உதிரி தேடுவது சிரமமில்லை. இத்தாலியின் மீட்டியோர் பிஸ்டன், கேபர் ரிங் கிடைத்தால் அதுவே என் தேர்வு.

மலிவு கிட்டில் வரும் பின் கிளிப்பை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். ஓடும்போது கழன்று வந்தால் சிலிண்டர், பிஸ்டன், கிராங்க் மூன்றும் போச்சு. நல்ல கிளிப் தனியாக வாங்குங்கள். கிளிப்பின் வாய் நேர் மேலே அல்லது நேர் கீழே இருக்க வேண்டும். பக்கவாட்டில் இருந்தால், பிஸ்டன் மேலே கீழே போய்வரும் வேகத்தில் கிளிப் தானே சுருங்கி வெளியே வரும். மாட்டும்போது கிராங்க் கேஸ் வாயைத் துணியால் அடையுங்கள், கிளிப் உள்ளே விழுந்தால் அரை நாள் வேலை.

ரிங்கைத் தனியாக சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். 0.2 முதல் 0.4 மி.மீ. நல்லது. 1 மி.மீ. வந்தால் அந்த ரிங் தேய்ந்தது. பிஸ்டன் தலையில் உள்ள அம்பு எக்ஸாஸ்ட் பக்கம். ரிங் வாய் பள்ளத்தில் உள்ள குட்டிப் பின்மேல் சரியாக உட்கார வேண்டும், மாறி உட்கார்ந்த நிலையில் சிலிண்டரை அழுத்தினால் ரிங் முறியும்.

சிலிண்டர் போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காக, இரண்டு மூன்று தவணையில் இறுக்குங்கள். எம்5 என்றால் 10 நியூட்டன் மீட்டர் சுற்றளவில் நிறுத்திவிடுங்கள், மெக்னீசிய மரை அதற்குமேல் தாங்காது. கேஸ்கட் தடிமன் பழையதைப் போலவே இருக்கட்டும். சந்தேகம் இருந்தால் சாலிடர் கம்பியைப் பிளக் துளைவழியே பிஸ்டன் விளிம்புவரை விட்டு எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றி, நசுங்கிய முனையை அளந்து பாருங்கள். 0.5 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது. கேஸ்கட்டே இல்லாமல் போட்டால் பவர் கூடும் என்று சொல்பவர்கள் இந்த அளவை எடுத்துவிட்டுச் சொல்லட்டும்.

இக்னிஷன் காயிலுக்கும் ஃபிளைவீலுக்கும் 0.2லிருந்து 0.3 மி.மீ. இடைவெளி. பிளக் இடைவெளி 0.5.

எல்லாம் மாட்டிய பிறகு மறுபடி பிரஷர், வாக்குவம் இரண்டும். இதை விடாதீர்கள்.

---

கார்ப்_டியூனர்:

சீல் கண்டுபிடித்தாயிற்று என்று கார்புரேட்டரை அப்படியே விட்டுவிட வேண்டாம். வருடக்கணக்கில் நின்ற மெஷினில் டயஃப்ரம் அட்டைபோல விறைத்திருக்கும். கார்ப் உடம்பில் கம்பெனி பெயரும் எண்ணும் பொறித்திருக்கும், அந்த எண்ணுக்குக் கிட் கேளுங்கள். "038க்குக் கொடுங்கள்" என்று கேட்டால் வேறு வந்து சேரும், ஒரே மாடலுக்கு வெவ்வேறு கார்ப் போட்டிருக்கிறார்கள்.

வரிசை மாறுவது இங்கே சகஜம். பம்ப் பக்கம்: உடம்பை ஒட்டி டயஃப்ரம், அதன்மேல் கேஸ்கட். மீட்டரிங் பக்கம் நேர் எதிர்: முதலில் கேஸ்கட், பிறகு டயஃப்ரம். மாற்றிப் போட்டால் பெட்ரோல் ஏறாது, அல்லது எஞ்சின் மூழ்கும். ஊசியைத் தூக்கும் நெம்பின் உயரம் பெரும்பாலான இவ்வகைக் கார்ப்களில் அறையின் தரைமட்டத்துக்குச் சமம். தாழ்ந்தால் லீன், உயர்ந்தால் வழிந்துகொண்டே இருக்கும். பெட்ரோல் நுழையும் குழாயில் 10 பிஎஸ்ஐ கொடுத்தால் ஊசி பிடித்து நிற்க வேண்டும். சின்னத் துளைகளில் கம்பி விடாதீர்கள், கார்ப் கிளீனரும் காற்றும் போதும். பெட்ரோல் ட்யூபும் டேங்க் ஃபில்டரும் புதுசு.

இ20 விஷயம். சுத்தப் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோதான். ஆக, பழைய செட்டிங்கிலேயே இ20 ஊற்றினால் எஞ்சின் லீனாக ஓடும். கார்ப்பின் எச் ஸ்க்ரூவை (முழு வேகத்துக்கான பெட்ரோல் அளவு) கொஞ்சம் கூடுதலாகத் திறந்துதான் ஆக வேண்டும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். தண்ணீர் ஓரளவு சேர்ந்ததும் எத்தனாலும் தண்ணீரும் தனியாகப் பிரிந்து டேங்க் அடியில் தங்கும், அதில் ஆயில் இருக்காது. ஃபில்டர் கிடப்பதும் அடியில்தான். கலந்து வைத்து வாரக்கணக்கில் போட்டுவைக்காதீர்கள். வேலை முடிந்தால் டேங்கைக் காலிசெய்து, தானே நிற்கும்வரை ஓடவிடுங்கள்.

ஆயில்: ஜாசோ எஃப்டி (டூ-ஸ்ட்ரோக் ஆயிலுக்கான ஜப்பான் தரக் குறியீடு) தரம் என்றால் 40க்கு 1 போதும், 5 லிட்டருக்கு 125 மில்லி. சாதா 2டி ஆயில் மட்டும்தான் கிடைக்கிறதென்றால் 25க்கு 1, 5 லிட்டருக்கு 200 மில்லி. படகு எஞ்சினுக்கு விற்கும் டிசி-டபிள்யூ3 வேண்டாம், அது தண்ணீரில் குளிரும், சூடு குறைந்த எஞ்சினுக்கானது.

---

டூ_ஸ்ட்ரோக்:

கம்பெனி 50க்கு 1 என்றுதான் சொல்கிறது, அவர்கள் ஆயிலுக்கு. பழைய எஞ்சினுக்கு 40 என்பதில் எனக்கும் ஆட்சேபணை இல்லை. ஆனால் ஆயிலைக் கூட்டினால் அந்த அளவுக்குப் பெட்ரோல் குறைகிறது, கலவை இன்னும் சற்று லீன் ஆகிறது. எந்த விகிதம் பிடித்தாலும் அதையே வைத்துக்கொண்டு, அதற்கு டியூன் செய்யுங்கள்.

டியூனிங்: எல் (குறைந்த வேகம்), எச் ஸ்க்ரூ இரண்டையும் மெதுவாக மூடி, ஒவ்வொரு சுற்றுத் திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள். மூன்று நான்கு நிமிடம் சூடாகட்டும். எல் ஸ்க்ரூவில் ஐடிலிங் அதிகபட்சம் ஏறும் இடத்தைப் பிடித்து, அங்கிருந்து எட்டில் ஒரு சுற்றுத் திறந்து விடுங்கள். ஐடில் ஸ்க்ரூவால் செயின் நிற்கும் அளவுக்கு வேகத்தைக் குறையுங்கள். வேகம் குறைந்தும் செயின் சுற்றினால் கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது.

எச்சுக்குக் காதுதான் முதல் கருவி. முழு ரேஸில், சுமை இல்லாமல், படபடவென்று அடைத்த சத்தம் வர வேண்டும். மரத்தில் இறங்கியதும் அந்தப் படபடப்பு தெளிந்து ஒரே சீராகப் பாட வேண்டும். சுமை இல்லாதபோதே கீச்சென்று தெளிவாக ஓடினால் அது லீன், உடனே ரேஸை விடுங்கள். சுமையில்லாமல் முழு ரேஸை மூன்று நான்கு விநாடிக்குமேல் பிடிக்காதீர்கள். புது ரிங்குக்கு முதல் இரண்டு மூன்று டேங்க் வரை எச்சைச் சற்று ரிச்சாகவே (பெட்ரோல் கூடுதலாக) விட்டுவையுங்கள்.

மெஷினைப் பக்கவாட்டில் சாய்த்து ஐடில் கேளுங்கள். சாய்க்கும்போது வேகம் ஏறினாலோ, ரேஸை விட்ட பிறகு இறங்கத் தாமதித்தாலோ, ஸ்க்ரூவில் தேடாதீர்கள், மறுபடி வாக்குவம் பம்பை எடுங்கள்.

---

சில்வர்_ஓக்:

பேரிங்கில் ஆட்டம் இல்லை. சீல் இரண்டும் வந்துவிட்டன, 52 பிஸ்டன் சொல்லியிருக்கிறேன். பாருக்கு (செயின் ஓடும் தகடு) எரிந்த எஞ்சின் ஆயில் ஊற்றலாம் என்கிறார்கள், சரியா? செயினும் மழுங்கிக் கிடக்கிறது, 3/8 அங்குல பிட்ச்.

---

பட்டறை_மணி:

எரிந்த ஆயில் வேண்டாம். அதில் உள்ள இரும்புப் பொடி ஆயில் பம்பைத் தின்னும், தெறிக்கும் புகையும் நல்லதில்லை. செயின் ஆயில் கிடைக்காவிட்டால் புது எஸ்ஏஇ 30 ஊற்றுங்கள். பார் முனையை அட்டைக்கு நேராகப் பிடித்து ரேஸ் கொடுத்தால் ஆயில் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் பம்பைப் பிரிக்கும் முன் டேங்க் ஃபில்டரையும் பாரில் உள்ள ஆயில் துளையையும் குத்திப் பாருங்கள், பெரும்பாலும் மரத்தூள்தான்.

3/8 செயினுக்கு 5.2 மி.மீ. உருண்டை அரம், 30 டிகிரி. எல்லாப் பல்லும் ஒரே நீளம் வர வேண்டும். மிகச் சின்னப் பல்லை அளவாக வைத்து மற்றவற்றைக் குறையுங்கள். ஒரு பக்கம் நீளமானால் வெட்டு வளைந்துகொண்டே போகும். டெப்த் கேஜ் (பல்லுக்கு முன்னால் உள்ள மேடு) பல்லின் முனையைவிட 0.65 மி.மீ. தாழ்ந்திருக்கட்டும். கிளட்ச் டிரம்மின் ஸ்ப்ராக்கெட் பல்லில் அரை மி.மீ. பள்ளம் விழுந்திருந்தால் புது செயின் போடுமுன் அதை மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் செயின் சீக்கிரம் நீளும்.